நெய் டின்னில் கசிவு: தகடு உருண்டு வந்த வாக்கு (திசை) மாறியதால் நேர்ந்த ஒரு நிகழ்வு

## எதைப் பற்றி

கொங்குப் பகுதியில் நடுத்தர அளவில் இயங்கும் ஒரு டின் தொழிற்சாலையில் நடந்தது இது. அங்கே செய்த ஒரு லிட்டர் நெய் டின்கள் கோடை தொடங்கியதும் ஓரத்தில் கசிந்து திரும்பி வந்தன. காரணத்தைத் தேடிய விதம், நடுவில் கொடுத்த தவறான மருந்து, கடைசியில் எடுத்த முடிவுகள் எல்லாம் இங்கே வரிசையாக இருக்கின்றன. தொழிற்சாலை, நெய் கம்பெனி, தகடு விற்றவர் யாருடைய பெயரும் இதில் வராது. டின்னின் உடம்பும் மூடியும் சேர்ந்து மடியும் ஓரத்தைத்தான் சீம் என்பார்கள். அதைச் சோதிப்பது என் வேலை என்பதால், சிக்கல் முற்றிய பிறகு என்னை வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கு முன் நடந்தவை அங்கிருந்த பதிவேடுகளும் ஆட்களும் சொன்னவை.

## பின்னணி

தொழிற்சாலை முதலில் 15 கிலோ எண்ணெய் டின் மட்டும்தான் செய்தது. பலகாரக் கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே, கைப்பிடி வைத்த சதுர டின், அதுதான். பக்கத்து ஊர்களில் நெய்யை டின்னில் அடைத்து விற்பவர்கள் பெருகியதும் ஒரு லிட்டர் உருளை டின்னுக்கு என்று தனி வரிசை போட்டார்கள்.

வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டை டின்னாக்க மூன்று வழிகள் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ளன. வட்டமாக வெட்டிய தகட்டை அச்சில் வைத்து அழுத்திக் கிண்ணமாக இழுப்பது ஒன்று. ஷூ பாலிஷ் டப்பா, தட்டையான மீன் டின் எல்லாம் அப்படி வருபவை. கிண்ணமாக இழுத்ததை வளையங்கள் வழியே தள்ளி, சுவரை மெலிதாக்கி உயரம் ஏற்றுவது இரண்டாவது. குளிர்பான டின் அந்த வகை. அதற்குப் பெரிய முதலீடு வேண்டும், ஓட்டமும் ஓயக்கூடாது. மூன்றாவது, தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிக் குழாயாக்கி, மேலும் கீழும் மூடி போடுவது. மூன்று துண்டு டின் என்பது இதைத்தான். பல பார்ட்டிகளுக்குப் பல டிசைன்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுப்பவர்களுக்கு இதுதான் தோது. ஷீட்டிலேயே அச்சடித்து வைத்துக்கொண்டு தேவைப்படும்போது வெட்டி ஓட்டலாம்.

இந்த டின்னின் உள்விட்டம் 99 மி.மீ. பாடிக்கு, அதாவது டின்னின் குழாய் உடம்புக்கு, வெட்டும் துண்டு 312 மி.மீ. நீளம், 145 மி.மீ. உயரம். 948 × 740 மி.மீ. அச்சு ஷீட்டில் நீளத்துக்கு மூன்று, உயரத்துக்கு ஐந்து என 15 பாடிகள் வரும்.

ஸ்லிட்டரில் வெட்டிய துண்டு ரோலில் வளைந்து குழாயாகும். இரண்டு ஓரமும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தாமிரக் கம்பிக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து வெல்டு ஆகும். அந்தக் கம்பி நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால், உருகி ஒட்டும் வெள்ளீயம் கம்பியோடு போய்விடும். அடுத்த வெல்டுக்குச் சுத்தமான கம்பி கிடைக்கும். உள்பக்கம் வெல்டுக் கோட்டின் மேல் லாக்கர் என்ற காப்புப் பூச்சு பட்டையாக விழும். அப்புறம் பிளாஞ்ச். அதாவது குழாயின் இரண்டு வாயையும் சுமார் இரண்டரை மி.மீ. வெளிப்பக்கம் மடித்து விரிப்பது. இந்த விரிந்த உதட்டின் மேல் மூடியின் சுருட்டு உட்காரும். சீமிங் மெஷினில் முதல் ரோல் சுருட்டை உதட்டுக்குக் கீழே கொக்கி மாதிரி நுழைக்கும். இரண்டாவது ரோல் அதை அழுத்தித் தட்டையாக்கும். முடிந்ததும் அந்த ஓரத்தில் தகடு ஐந்து மடிப்பு: மூடி மூன்று, பாடி இரண்டு. நடுவிலுள்ள இடுக்கை, மூடியின் சுருட்டுக்குள் முன்பே தடவியிருக்கும் ரப்பர் காம்பவுண்ட் நிரப்பும்.

அடிப்பக்க மூடியைத் தொழிற்சாலையே போட்டு அனுப்பும். நெய்யை ஊற்றி மேல்மூடியைச் சீம் செய்வது நெய் கம்பெனி. இது நினைவில் இருக்கட்டும், பின்னால் வருகிறது.

## இரண்டு மாற்றங்கள்

டின்னின் செலவில் பெரும்பங்கு தகடுதான். அதனால் இந்தத் தொழிலில் சிக்கனம் என்றால் எல்லோருடைய கண்ணும் முதலில் தகட்டின் மேல்தான் போகும்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முன், வழக்கமாக வாங்கும் தகட்டுச் சுருள் கிடைக்கவில்லை. அதுவரை வந்தது 740 மி.மீ. அகலச் சுருள், அதை 948 மி.மீ. நீளத்துக்கு வெட்டி ஷீட்டாகக் கொடுப்பார்கள். தகடு விற்பவரிடம் அப்போது 948 மி.மீ. அகலச் சுருள் இருந்தது. அதை 740 நீளத்துக்கு வெட்டினாலும் வருவது அதே 948 × 740 ஷீட்தான். விலையும் கொஞ்சம் இறங்கி வந்தது. கொள்முதல் பார்ப்பவர் சரி என்றார். அச்சுத் தட்டு மாற வேண்டியதில்லை, ஸ்லிட்டர் அளவு மாற வேண்டியதில்லை. 0.22 மி.மீ. தடிப்புள்ள வழக்கமான மென்தகடுதான் அது. ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு குறையும் இல்லை. தீபாவளி சரக்கு முழுவதும் அதிலேயே போனது.

இன்னொரு பக்கம், உற்பத்தி மேலாளர் வேறு ஒரு வேலையில் இறங்கியிருந்தார். பாடித் தகட்டை 0.22-லிருந்து 0.18-க்கு இறக்குவது. அவ்வளவு மெலிந்தால் டின் எளிதில் நசுங்கும் என்பதால், இரண்டு முறை குளிர் உருட்டு செய்த கடினத் தகடு வேண்டும். டி.ஆர். தகடு என்று சொல்வார்கள். ஆலையில் ஒருமுறை உருட்டி, சூட்டில் பதப்படுத்தி, மறுபடியும் உருட்டி இன்னும் மெலிதாக்குவது. பலம் கூடும், இழுவை குறையும். சோதனைக்காக ஒரு சிறிய கட்டு வாங்கி ஓட்டினார்கள். டின் உறுதியாக இருந்தது, சீம் அளவு சரியாக வந்தது, காற்றழுத்தச் சோதனையில் குமிழி வரவில்லை. நெய் கம்பெனியும் மாதிரிகளைப் பார்த்து ஒப்புக்கொண்டது. அந்தச் சோதனைக் கட்டு 740 அகலச் சுருளிலிருந்து வந்தது.

பொங்கல் கழிந்து டி.ஆர். தகட்டை முழு ஓட்டத்துக்குக் கொண்டுவந்தபோது வந்ததோ 948 அகலச் சுருள். கொள்முதல் தாளில் எப்போதும்போல "948 × 740" என்றுதான் இருந்தது. மென்தகட்டில் அகலச் சுருளைச் சோதித்திருந்தார்கள், டி.ஆர். தகட்டைக் குறுகிய சுருளில் சோதித்திருந்தார்கள். டி.ஆர். தகட்டை அகலச் சுருளில் யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்று நினைக்கக் காரணமும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் மேஜை மேல் வைத்த ஷீட் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

## புகார் வந்த விதம்

ஜனவரி, பிப்ரவரி முழுவதும் சத்தமே இல்லை. மார்ச் கடைசியில் நெய் கம்பெனியின் கிடங்கிலிருந்து முதல் போன். அட்டைப் பெட்டிகளின் அடியில் எண்ணெய்க் கறை. பெட்டியைத் திறந்தால், பன்னிரண்டு டின்களில் ஒன்றோ இரண்டோ ஓரத்தில் பிசுபிசுவென்று இருந்தன. மற்றவை காய்ந்திருந்தன. ஏப்ரலில் வெயில் ஏற ஏற, தெற்கு மாவட்டங்களுக்குப் போன சரக்கிலிருந்தும் திரும்பி வரத் தொடங்கியது. சில டின்களைத் திறந்தபோது நெய்யில் சிக்கு வாடை. எண்ணெய் வெளியே வர வழி இருந்தால் காற்று உள்ளே போகவும் வழி இருக்கும்.

கோடையில் மட்டும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் எளிது, ஆனால் அப்போது அது யாருக்கும் உடனே தோன்றவில்லை. நெய் ஊற்றும்போது சூடாக, இளகித்தான் இருக்கும். ஆறியதும் உறைந்துவிடும். குளிர்மாதங்களில் மணல் மணலாக உறைந்து உட்கார்ந்திருக்கும் நெய், சின்ன வெடிப்பைத் தானே அடைத்துக்கொள்ளும். லாரியின் தார்ப்பாய்க்குக் கீழே, தகரக் கூரைக் கிடங்கில் அது முழுதாக உருகித் தண்ணீராக நின்று, உள்ளே அழுத்தமும் ஏறும்போதுதான் வெடிப்பு வழியே ஊறி வெளியே வரும். ஜனவரியில் செய்த டின்னின் குறை ஏப்ரலில் தெரிந்தது. அதற்குள் அந்தத் தகட்டில் மூன்று மாத ஓட்டம் முடிந்திருந்தது.

## முதலில் கொடுத்த மருந்து

கசிவு சீம் ஓரத்தில். அதனால் சீமிங் மெஷின் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். இந்தத் தொழிலில் எங்கே எது தப்பினாலும் முதல் பழி அவர் தலையில்தான் விழும். டின்னைக் கடைசியாகத் தொடுகிறவர் அவர்தானே.

சீம் தடிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. மூடித் தகடு மூன்று மடங்கு, பாடித் தகடு இரண்டு மடங்கு, அதோடு காம்பவுண்டுக்கும் இடுக்குக்கும் சுமார் 0.15 மி.மீ. மூடி 0.20. பாடி 0.22 ஆக இருந்தபோது அது 1.19 மி.மீ. பாடி 0.18 ஆனதும் 1.11. ஆபரேட்டர் இதைத் தெரிந்தே மெஷினை மாற்றியிருந்தார், பதிவேட்டில் 1.10, 1.12 என்று ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனாலும் கசிகிறதே, அப்படியென்றால் இறுக்கம் போதவில்லை என்று முடிவாகி, இரண்டாவது ரோலை இன்னும் உள்ளே தள்ளச் சொன்னார்கள். தடிப்பு 1.02-க்கு வந்தது.

"இறுக்குனா நின்னுரும்னு சொன்னாங்க சார். இறுக்குனோமுங்க. நிக்கலீங்க, இன்னும் மோசமாத்தான் ஆச்சு" என்றார் அவர் என்னிடம்.

மோசமானதில் வியப்பில்லை. ரோலை அளவுக்கு மீறித் தள்ளினால், மூடியின் உள்விளிம்பு, அதை உள்ளிருந்து தாங்கும் சக் என்ற வட்டின் மேல் பிதுங்கிக் கத்தி முனை மாதிரி கூராகும். வெல்டு வரும் இடத்தில் பாடி இரண்டு படிவாக இருப்பதால் அங்கேதான் முதலில் பிதுங்கும். விரலை ஓட்டினால் கீறும். சில டின்களில் அந்த இடத்திலேயே தகடு வெட்டுப்பட்டிருந்தது. அதாவது, பழைய குறை போகாமல் புதிதாக ஒன்று சேர்ந்துவிட்டது. இப்போது திரும்பி வரும் டின்களில் இரண்டு வகைக் கசிவு கலந்து வர, எது எதனால் என்று பிரிப்பது கடினமானது.

அதே சமயத்தில் மூடி தருபவரிடம் காம்பவுண்டைக் கூட்டிப் போடச் சொன்னார்கள். நெய் கம்பெனியோ, சூடு அதிகமாக ஊற்றுகிறோமோ என்று வெப்பநிலையைக் குறைத்துப் பார்த்தது. லாரி ஏற்றுபவர்களுக்கும் திட்டு விழுந்தது. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் நடந்தது. எதுவும் எதையும் மாற்றவில்லை.

## டின்னை வெட்டிப் பார்த்தபோது

நான் போனதும் முதலில் கேட்டது திரும்பி வந்த டின்களை. நல்ல வேளையாக ஒரு மூட்டை மிச்சமிருந்தது. கசிந்த இடத்தைப் பேனாவால் குறித்து, மேலா கீழா, வெல்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பிரித்து அடுக்கினோம்.

இரண்டு விஷயங்கள் உடனே தெரிந்தன. கசிவு மேல்சீம், கீழ்சீம் இரண்டிலும் இருந்தது. கீழ்சீம் போட்டது தொழிற்சாலையின் மெஷின். மேல்சீம் போட்டது முப்பது கிலோமீட்டர் தள்ளி நெய் கம்பெனியில் இருக்கும் வேறொரு பழைய மெஷின். இரண்டு மெஷினும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரிக் கெட்டுப்போவது நடக்காத காரியம். இரண்டுக்கும் பொதுவானது பாடி மட்டும். இரண்டாவது, கசிவுக் குறிகளில் பாதிக்கும் மேல் வெல்டுக்கு ஒட்டிய பகுதியில் இருந்தன. மீதி சுற்றிலும் சிதறிக் கிடந்தன.

அப்புறம் சீமை அறுத்தோம். வெளியிலிருந்து மைக்ரோமீட்டரில் அளப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். வெளியே தடிப்பு, நீளம், குழி ஆழம் இவை மட்டுமே தெரியும். உள்ளே பாடிக் கொக்கி (பாடியின் உதடு மடிந்த பகுதி) எவ்வளவு, மூடிக் கொக்கி (மூடியின் சுருட்டு மடிந்த பகுதி) எவ்வளவு, இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு கவ்வியிருக்கின்றன என்பது மூடியின் நடுவை வெட்டியெடுத்து, சீமைக் குறட்டால் உரித்தால்தான் தெரியும். இந்தத் தொழிற்சாலையில் இரண்டு ஷிஃப்டுக்கு ஒருமுறை அறுத்துப் பார்த்தார்கள், ஆனால் வெல்டைத் தவிர்த்துவிட்டு. வெல்டு இருக்கும் இடத்தில் அளவு எப்போதும் கூடக் குறைய வரும், கணக்கைக் கெடுக்கும் என்பது அவர்களுடைய பழக்கம்.

கசிந்த டின்னில் மூடிக் கொக்கியை உரித்ததும் பாடிக் கொக்கி வெளியே தெரிந்தது. நீளம் சரி, கவ்வல் சரி. காம்பவுண்டை மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்த்தால், கொக்கியின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெல்டின் ஓரத்தை ஒட்டி ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, சின்னது. வெடிப்பு பிளாஞ்ச் விளிம்பில் தொடங்கி, மடிப்பு வளையும் இடத்தைத் தாண்டி உடம்புக்குள் இறங்கியிருந்தது. விளிம்போடு நின்ற வெடிப்பைக் காம்பவுண்ட் மூடிவிடும், அது கசியாது. வளைவைத் தாண்டியதுதான் கசிகிறது. தொழிற்சாலையின் காற்றழுத்தச் சோதனையில் தப்பியது இதனால்தான்: புதுக் காம்பவுண்ட், சில நொடி அழுத்தம், வெடிப்பு தாங்கிக்கொண்டது. லாரி ஆட்டமும் கோடைச் சூடும் வந்தபோது தாங்கவில்லை.

வெட்டிய பாடியை விரித்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்தபோது இன்னொன்று தெரிந்தது. தங்க நிற லாக்கருக்குக் கீழே தகட்டில் மெல்லிய கோடுகள் இருக்கும். உருட்டும்போது ரோலின் தடம் தகட்டில் படிவது. தகடு எந்த வாக்கில் உருண்டு வந்ததோ அந்த வாக்கில் அந்தக் கோடுகள் ஓடும். இங்கே கோடுகள் டின்னின் மேலிருந்து கீழாக ஓடின. டின்னைச் சுற்றி ஓடியிருக்க வேண்டும். சுருளின் நீளம்தான் தகடு உருண்டு வந்த வாக்கு. 740 அகலச் சுருளில் அது ஷீட்டின் 948 பக்கம், பாடியின் நீளவாக்கு. 948 அகலச் சுருளில் அது 740 பக்கம், பாடியின் உயரவாக்கு.

## வாக்கு ஏன் முக்கியம்

உருட்டிய தகடு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடாது. மூங்கில் நீளவாக்கில் பிளப்பதுபோல, தகடும் உருண்டு வந்த வாக்கில் பிளக்க இடம் கொடுக்கும். மென்தகட்டில் இந்த வித்தியாசம் பொருட்படுத்தும்படி இருக்காது. இரண்டு முறை உருட்டிய தகட்டில் நன்றாகவே இருக்கும்.

பிளாஞ்ச் போடும்போது விளிம்பு சுற்றுவாக்கில் இழுபடுகிறது. ஆரம் 49.5 மி.மீ. உள்ள வாயை இரண்டரை மி.மீ. வெளியே விரித்தால், விளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 5 சதவீதம் நீள வேண்டும். கோடுகள் சுற்றிலும் ஓடினால், அந்த இழுப்பு தகட்டுக்குப் பிடித்த வாக்கில் நடக்கும். கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால் குறுக்குவாக்கில் நடக்கும், டி.ஆர். தகடு அந்த வாக்கில் 5 சதவீதத்துக்கு முன்பே வாய் பிளக்கலாம். மூன்று துண்டு டின்னில், அதுவும் டி.ஆர். தகட்டில், பாடியின் நீளம் உருட்டு வாக்கிலேயே வர வேண்டும் என்று டின் செய்பவர்கள் வைத்திருக்கும் விதி இதனால்தான். வெல்டு ஓரம் இன்னும் பலவீனம். வெல்டு சூட்டில் அதை ஒட்டிய மெல்லிய பட்டை இளகி, வெல்டு மட்டும் கெட்டியாக நிற்கும். இழுப்பு முழுவதும் அந்த இளகிய பட்டையில் குவியும்.

சொல்லும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு சொன்ன பிறகும் கொள்முதல் பார்ப்பவர், "அதே அகலச் சுருள்தானே தீபாவளிக்கு ஓடியது, அப்போது ஏன் கசியவில்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

## உறுதிசெய்தது

அச்சடிக்காத டி.ஆர். ஷீட் சிலவற்றை எடுத்து, ஒரே ஷீட்டிலிருந்து இரண்டு வாக்கிலும் பாடித் துண்டுகள் வெட்டினோம். ஒரே தகடு, ஒரே வெல்டு, ஒரே பிளாஞ்ச் மெஷின். வாக்கு மட்டும் வேறு. மிச்சமிருந்த 0.22 மென்தகட்டிலும் அதையே செய்தோம். பிளாஞ்ச் போட்டதும் ஒவ்வொரு வாயையும் பூதக்கண்ணாடியில் பார்த்தோம்.

மென்தகட்டில் இரண்டு வாக்கிலும் வெடிப்பு இல்லை. டி.ஆர். தகட்டில் கோடுகள் சுற்றிலும் ஓடியவற்றில் அங்கொன்று இங்கொன்றாக விளிம்போடு நின்ற சின்னக் கீறல். கோடுகள் மேலிருந்து கீழாக ஓடியவற்றில், பத்துக்கு ஒன்று என்ற கணக்கில், வளைவைத் தாண்டிய வெடிப்பு. கொள்முதல் பார்ப்பவரும் கூடவே நின்று பார்த்தார். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மெஷினே இல்லாமல் செய்யும் ஒரு சோதனையையும் ஆபரேட்டர்களுக்குக் காட்டினோம். விரல் அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டி, ஒன்றைக் கோடுகளுக்கு இணையாகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் மடித்துக் குறட்டால் நசுக்குவது. இணையாக மடித்த மடிப்பில் வெடிப்பு தெரிந்தது. குறுக்காக மடித்ததில் இல்லை. அரை நிமிட வேலை.

நடுவில் இன்னொரு காரணமும் அகப்பட்டது. கீறல் தொடங்கிய இடங்களில் விளிம்பு சொரசொரப்பாக இருந்தது. ஸ்லிட்டர் கத்தி மழுங்கியிருந்ததால் வெட்டிய ஓரத்தில் பிசிறு நின்றது. மென்தகட்டுக்கு ஓடிய அதே கத்தி. கடினத் தகட்டுக்கு மாறியபோது கத்தி தீட்டும் இடைவெளியை யாரும் குறைக்கவில்லை. வாக்கு சரியாக இருந்தும் வந்த அந்த அங்கொன்று இங்கொன்று இதனால்தான். கத்தியைத் தீட்டியதும் அதுவும் நின்றது.

## எடுத்த முடிவுகள்

முதலில் சீமிங் மெஷினைப் பழைய அளவுக்கு, 1.11-க்குக் கொண்டுவந்தார்கள். காம்பவுண்டும் பழைய எடைக்குத் திரும்பியது. தேவையில்லாத மாற்றங்களை விலக்கிவிட்டால்தான் அடுத்து செய்வதன் பலன் தெரியும்.

நெய் கம்பெனியின் கிடங்கில் இருந்த நிரப்பிய டின்களை என்ன செய்வது என்பதில் நிறைய வாக்குவாதம். எல்லாவற்றையும் திரும்ப எடுக்கச் சொன்னது கம்பெனி. தொழிற்சாலைக்கு அது தாங்காது. கடைசியில், கிடங்கின் ஒரு அறையைச் சூடாக்கி, 40 டிகிரியில் டின்களைப் பழுப்புத்தாள் மேல் இரண்டு நாள் நேராகவும் இரண்டு நாள் கவிழ்த்தும் வைத்துப் பிரிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். தாளில் கறை விட்டவை கழிவு. அந்த நெய்யைக் கம்பெனி விற்பனைக்கு எடுக்கவில்லை. மீதி பக்கத்துச் சந்தைக்கு மட்டும், நீண்ட தூர லாரிக்கு இல்லை. எனக்கு இது முழுத் திருப்தி இல்லை. வெடிப்பு இருந்தும் நான்கு நாள் கறைவிடாத டின் இருக்க முடியும். ஆனால் இருவருக்கும் பிழைக்க வேண்டியிருந்தது, சரக்குக்கு மாற்றும் உடனே இல்லை.

அச்சடித்து வைத்திருந்த டி.ஆர். ஷீட் பெரிய தலைவலி. டின் ஆக்க முடியாது. பிளாஞ்சைக் கொஞ்சம் குட்டையாக்கினால் இழுப்பு குறையும், வெடிக்காது என்று ஒர்க்ஷாப் ஃபோர்மேன் சொன்னார். கணக்கு சரி. ஆனால் பிளாஞ்ச் குறைந்தால் பாடிக் கொக்கி குறையும், கவ்வல் குறையும். வெடிப்புக் கசிவுக்குப் பதில் கொக்கிக் கசிவு வரும். அதனால் விட்டார்கள். அச்சில் அழுத்தி விரிக்கும் பிளாஞ்ச் மெஷினுக்குப் பதிலாக, சுழலும் ரோல்களால் படிப்படியாக விரிக்கும் மெஷின் வைத்தால் தகடு இன்னும் தாங்கும் என்பதும் பேச்சில் வந்தது. உண்மைதான், ஆனால் இந்த ஷீட்டுக்காக மட்டும் அதை வாங்குவது வீண். கடைசியில் பழைய ஷீட் வாங்குபவர்களுக்குக் கொடுத்தார்கள். புனல், குப்பை முறம், டிரங்குப் பெட்டியின் உள்தகடு என்று அவை போகும். அதற்கு முன் ஒவ்வொரு ஷீட்டையும் நெய் கம்பெனியின் பெயர் மேலேயே கத்தி விழும்படி ஸ்லிட்டரில் குறுக்கே வெட்ட வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. முழு ஷீட் வெளியே போனால் கலப்பட நெய்க்காரனுக்கு டின் கிடைத்துவிடும் என்ற பயம். ஆள் வைத்து நின்று பார்த்தார்கள்.

அச்சடிக்காத அகலச் சுருள் ஷீட்டுக்கு வேறு வழி கிடைத்தது. 948 பக்கத்தில் பாடியின் உயரத்தை வைத்தால் ஆறு வரும், 870 மி.மீ. 740 பக்கத்தில் பாடியின் நீளம் இரண்டுதான் வரும், 624 மி.மீ. ஷீட்டுக்கு 15-க்குப் பதில் 12 பாடி. மீதி ஒரு பக்கம் 78 மி.மீ. பட்டை, மறுபக்கம் 116 மி.மீ. பட்டை, அதாவது 22 சதவீதத்துக்கு மேல் கழிவு. அச்சுத் தட்டும் புதிதாகப் போட வேண்டும். முதலாளிக்கு மனமே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டைகளில் வேறொரு பார்ட்டிக்கான சின்ன மூடிகளைக் குத்தியெடுக்கலாம் என்று தெரிந்ததும் சம்மதித்தார். மூடிக்கு டி.ஆர். தகடு நன்றாகவே பொருந்தும்.

சரியான அகலத்தில் டி.ஆர். சுருள் வரும்வரை 0.22 மென்தகட்டுக்கே திரும்பினார்கள். மெலிதாக்கி மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தை அந்த மாதங்கள் திரும்ப வாங்கிக்கொண்டன.

## பிறகு நடந்தது

நட்டத்தை யார் ஏற்பது என்பதில் தகடு விற்றவர் தனக்கு வந்த கொள்முதல் தாளைக் காட்டினார். அதில் "948 × 740" என்று மட்டும் இருந்தது. எது உருட்டு வாக்கு என்று எழுதவில்லை. கேட்ட அளவில் கொடுத்திருக்கிறார். நெய் கம்பெனியும் தொழிற்சாலையும் பாதிப் பாதி என்று பேசி முடித்தன. நிரப்பிய நெய்யின் விலை முழுவதையும் ஏற்கத் தொழிற்சாலை மறுத்தது, கம்பெனியும் அதற்கு மேல் இழுக்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன் 740 அகல டி.ஆர். சுருள் வந்தது. அதில் ஓடிய டின்கள் அடுத்த கோடையைத் தாண்டின. அந்தக் கோடையிலும் சில டின்கள் திரும்பி வந்தன. அறுத்துப் பார்த்ததில் அவை கீழே விழுந்து சீம் நசுங்கியவை, பிளாஞ்ச் வெடிப்பு இல்லை. மெலிந்த பாடிக்கு ஏற்ப அட்டைப் பெட்டியின் உள்தடுப்பை மாற்ற வேண்டும் என்பது அப்போது தெரிந்தது. அது தனிக் கதை.

## இப்போது வேறு மாதிரி நடப்பவை

கொள்முதல் தாளில் ஷீட் அளவோடு எந்த அளவு உருட்டு வாக்கில் என்பதையும் எழுதுகிறார்கள். அச்சகத்தில் ஷீட்டின் ஓர விளிம்பில், டின்னில் வராத பகுதியில், ஒரு அம்புக்குறி விழுகிறது. ஸ்லிட்டர் ஆள் அம்பைப் பார்த்துத்தான் ஷீட்டைத் தள்ளுவார். புதுக் கட்டு பிரித்ததும் குறட்டு மடிப்புச் சோதனை. இதையெல்லாம் எழுதி ஒட்டியதைவிட, அந்த ஆபரேட்டரே புதிதாக வரும் பையன்களுக்கு மடித்துக் காட்டுவதுதான் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது.

சீம் அறுத்துப் பார்ப்பது இப்போது ஷிஃப்டுக்கு ஒருமுறை, வெல்டு இடத்தையும் சேர்த்து. காம்பவுண்டைச் சுரண்டிப் பாடிக் கொக்கியைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டத்திலிருந்தும் சில டின்களில் இளகிய நெய்யை ஊற்றி மூடி, சூடான பெட்டியில் கவிழ்த்து வைக்கிறார்கள். குளிர்மாதத்தில் செய்த டின்னின் குறை குளிர்மாதத்திலேயே தெரிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. இதை முதலிலேயே வைத்திருந்தால் சிக்கல் ஜனவரியிலேயே பிடிபட்டிருக்கும்.

மாற்றப் பதிவேடு ஒன்றும் வந்திருக்கிறது. தகடு, மூடி, காம்பவுண்ட், கத்தி, மெஷின் அளவு எது மாறினாலும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். புதிதாக ஒன்றை ஓட்டும்போது, அந்த நாளில் ஏற்கனவே மாறியிருப்பவை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் சோதனை ஓட்டம். இது காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அவசர ஆர்டர் வரும் தீபாவளி வாரத்தில் அந்த நோட்டை யார் திறக்கிறார்கள் என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை.

15 கிலோ சதுர டின்னின் வரிசையை இதுவரை யாரும் இந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. அங்கே தகடு தடிப்பு, மூலைகள் மட்டுமே வளைவு. அதனால் இப்போதைக்குக் கவலை இல்லை என்கிறார்கள். அதிலும் தகட்டை மெலிதாக்கும் பேச்சு தொடங்கியிருக்கிறது. மூலையில் பிளாஞ்ச் இழுபடும் அளவைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.